சைபர் காட்டிய 9 மீட்டர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறவர். கழிவுநீர்த் தொட்டியின் மூடி பாதி திறந்திருக்கிறது. விளிம்பில் மஞ்சள் நிறத்தில், நாலு வாயுக்களை அளக்கும் புத்தம்புது மீட்டர் ஒன்று. திரையில் மீத்தேன் 0, கார்பன் மோனாக்சைடு 0, ஹைட்ரஜன் சல்பைடு 0, ஆக்சிஜன் 20.9. கீழே ஒரு வரி: "எல்லாம் சைபர் மாப்ள, ஆளை இறக்கலாமா?"

டைப் அடிக்கப் பொறுமை இல்லை, போன் போட்டேன். "யாரையும் இறக்காதீங்க. இந்த மீட்டருக்கு கேஸ் காட்டிப் பார்த்தீங்களா?" என்றேன். "கேஸா? புதுசு மாப்ள, நேத்துதான் வந்துச்சு" என்றார். அதுதான் பிரச்சினையே என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். பேசியதை எல்லாம் எழுதி வைத்தால் வேறு யாருக்காவது உதவுமே என்றுதான் இது.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. சேலத்தில் படித்துவிட்டு, வேலை கிடைத்தால் போதும் என்று ஆலப்புழை–தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறினவன். ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரிப் பகுதியில், பூமிக்கு அடியில் இருக்கும் சுரங்கங்களுக்கு வாயு அளக்கும் கருவிகளைப் பராமரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் 11 வருடம் இருந்தேன். நம் ஊரில் நெய்வேலியைப் பார்த்துவிட்டு சுரங்கம் என்றால் திறந்த பள்ளம் என்று நினைத்துக்கொண்டு போனவனுக்கு, முதல் நாள் இறங்கியதும் கூரை தலையில் இடிக்கிற உயரத்தில், கேப் லேம்ப் வெளிச்சம் விழுகிற இடம் மட்டுமே உலகம் என்று ஆகிப்போனது. என்னை 'மதராசி' என்றுதான் கூப்பிட்டார்கள், கடைசி வரை.

என் வேலையை ஒரு வரியில் சொன்னால், மீட்டர்களுக்கு மீத்தேன் காட்டி அவை சரியாகச் சொல்கின்றனவா என்று பார்ப்பது. மீத்தேன் நிலக்கரிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிற வாயு. கரியை வெட்ட வெட்ட வெளியே வரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. காற்றில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். அதிலும் ஒன்பதரை சதவீதம் வாக்கில்தான் உச்ச வேகம். இந்தியச் சட்டப்படி 1.25 சதவீதத்தைத் தாண்டினாலே மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை வெளியே கொண்டுவர வேண்டும். அந்தப் பகுதியில் இந்த எண்களை யாரும் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. 1965 மே 28, டோரி சுரங்கம், இறந்தவர்கள் 268 பேர். 2006 செப்டம்பர் 6, நாக்தா, 50 பேர். டீக்கடையில் நின்றால் அந்த வீடுகளிலிருந்து வந்த ஒருவராவது பக்கத்தில் நிற்பார்.

இப்போது அந்த 9 மீட்டர் கதை. நான் போய் மூன்றாவது வருடம். ஒரு சுரங்கத்தின் லேம்ப் ரூமில், அதாவது இறங்குகிறவர்களுக்கு விளக்கும் மீட்டரும் கொடுக்கும் அறையில், 22 கை மீட்டர்கள் இருந்தன. எங்கள் ஒப்பந்தப்படி மாதம் ஒருமுறை நான் போய் காலிபரேஷன் செய்ய வேண்டும், அதாவது அளவு தெரிந்த வாயுவைக் காட்டி மீட்டரைத் திருத்தி வைக்க வேண்டும். மற்ற நாட்களில் காலையில் லேம்ப் ரூம்காரர் ஒவ்வொன்றாக ஆன் செய்து, பீப் என்று ஒரு சத்தம், எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைந்து, திரையில் டிக் குறி வந்து, 0.00 என்று நின்றால் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவார். அது மீட்டரின் சுயபரிசோதனை. பேட்டரி இருக்கிறதா, மின்சுற்று சரியா, அலாரம் அடிக்குமா என்று மட்டும்தான் அது பார்க்கும். மீத்தேன் வந்தால் சென்சாருக்குத் தெரியுமா என்று அதனால் பார்க்க முடியாது, பார்க்க வேண்டுமென்றால் மீத்தேன் வேண்டுமே.

அந்த மாதம் நான் போனபோது மீட்டர்களின் தோல் உறைகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று லேம்ப் ரூம்காரர் ஒரு பாலிஷ் ஸ்ப்ரே வாங்கி அடித்துத் துடைத்து வைத்திருந்தார். நல்ல மனுஷன், வேலையில் சுத்தம். நானும் பாராட்டிவிட்டு சிலிண்டரை எடுத்தேன். முதல் மீட்டரின் வாயில் மூடியைப் பொருத்தி 2.5 சதவீத மீத்தேனைத் திறந்துவிட்டேன். 2.4 வந்தது. சரி. இரண்டாவது 2.3. மூன்றாவது மெல்ல 0.3, 0.6, 0.9 என்று ஏறி, அங்கேயே நின்றது. மூடி சரியாக உட்காரவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்திப் பிடித்தேன். 0.9. ரெகுலேட்டரை மாற்றினேன். 0.9. நாலாவது மீட்டர் 1.1. அப்போதுதான் மேசை ஓரத்தில் இருந்த அந்த ஸ்ப்ரே டப்பாவை எடுத்து பின்பக்கம் படித்தேன். சிலிக்கோன்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கை மீட்டர்களில் மீத்தேனுக்கு அதிகம் இருப்பது கேட்டலிடிக் சென்சார். உள்ளே கடுகு அளவு இரண்டு மணிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பிளாட்டினக் கம்பிச் சுருள். ஒரு மணியில் வினையூக்கி பூசியிருக்கும், இன்னொன்றில் இருக்காது. மின்சாரம் பாய்ந்து இரண்டும் ஏறக்குறைய 500 டிகிரிச் சூட்டில் இருக்கும். மீத்தேன் கலந்த காற்று உள்ளே வந்தால் வினையூக்கி பூசிய மணியின் மேல் அது எரியும், அந்த மணி இன்னும் சூடாகும், கம்பியின் மின்தடை கூடும், இரண்டு மணிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் திரையில் வரும் எண். அதாவது மீட்டர் வாயுவைக் கொஞ்சம் எரித்துப் பார்த்துச் சொல்கிறது. சிலிக்கோன் ஆவி போய் அந்தச் சூட்டில் பட்டால் வினையூக்கியின் மேல் மணல்போல ஒரு படலம் படிந்துவிடும். அப்புறம் எதுவும் எரியாது. எரியாவிட்டால் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாவிட்டால் திரையில் என்ன வரும்? சைபர். சுத்தமான காற்றுக்கும் அதே சைபர், செத்துப்போன சென்சாருக்கும் அதே சைபர்.

22-ல் 9 மீட்டர்கள் 1.5-க்குக் கீழே காட்டின. பாலிஷ் அடித்து 12 நாள் ஆகியிருந்தது. நான் பக்கத்தில் இருந்த சர்தாரிடம் சொன்னேன். சர்தார் என்றால் அங்கே ஒரு பகுதியின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், ஒவ்வொரு ஷிப்டிலும் முதலில் போய் வாயு பார்த்துவிட்டு ஆட்களை விடுகிறவர். அவர் கயா பக்கத்துக்காரர், ஓய்வு பெற நாலு வருடம் இருந்தது. அவர் கத்தவில்லை. விரல் விட்டு எண்ணினார்: "9 மீட்டர், ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்ட், 12 நாள். 216 தடவை இது கீழே போய்ட்டு வந்திருக்கு, மதராசி." அந்த 12 நாளில் எதுவும் நடக்கவில்லை, காற்றோட்டம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பம்ப் டெஸ்டை தினமும் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் இது bump, இலேசாக இடித்துப் பார்ப்பது; இந்தப் பெயரில் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் எழுத்தில் எழுதினால் தண்ணீர் இறைக்கிற பம்பும் இதுவும் ஒன்றாகத்தான் தெரியும். தேனியிலிருந்து புதிதாக வந்த பையன் என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, ஒரு வாரம் மீட்டரின் உறிஞ்சும் மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து 'பம்ப் டெஸ்ட் ஓகே அண்ணே' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சிரித்து முடித்தபிறகு பயமாகத்தான் இருந்தது. அதிலிருந்து நான் 'கேஸ் காட்டுவது' என்றே சொல்லவும் எழுதவும் ஆரம்பித்தேன். அளவு தெரிந்த வாயுவை மீட்டருக்குக் கொஞ்ச நேரம் காட்டி, எண் ஏறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது. எதையும் திருத்துவதில்லை. திருத்துவது காலிபரேஷன், அது வேறு வேலை.

மேனேஜர்கள் எப்போதும் சொல்வது செலவு. அதற்கு நான் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 58 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு அரை லிட்டர் பாய்ச்சல், ஒரு மீட்டருக்கு 40 நொடி. கணக்குப்படி ஒரு சிலிண்டரில் 170-க்கு மேல் பார்க்கலாம். கையில் கசிந்தது, மறந்துபோய்த் திறந்து வைத்தது எல்லாம் போக 140, 150 வரும். சிலிண்டர் விலையை 140-ஆல் வகுத்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். வகுக்காமல் மொத்த விலையைச் சொன்னால் 'அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்' என்பார்.

காலிபரேஷன் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய ஒரே பெரிய விஷயம்: திருத்துவதற்கு முன்னால் மீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள். இதை யாரும் எழுதுவதில்லை. அந்த 0.9 காட்டிய மீட்டரைக்கூட காலிபரேஷன் மெனுவுக்குள் போய் 2.5 என்று ஏற்றிவிட முடியும், சில மீட்டர்கள் ஏற்றுக்கொள்ளும். உள்ளே சென்சார் முக்கால்வாசி செத்திருக்கும், கருவி அதன் குரலைப் பெருக்கிக் காட்டும், ரிஜிஸ்டரில் 'ஓகே' என்று இருக்கும். அடுத்த மாதம் மறுபடி இறங்கியிருக்கும், மறுபடி ஏற்றுவார்கள். ஆனால் முந்தைய எண்ணை எழுதி வைத்தால் 2.4, 2.2, 1.7 என்று ஒரு மீட்டர் படி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். நான் 2.0-க்குக் கீழே வந்தால் திருத்துவதை நிறுத்திவிட்டு சென்சாரையே மாற்றினேன். இது எங்கும் எழுதியிருக்கிற விதி இல்லை, என் சொந்தக் கோடு.

லைட்டர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே பட்டறைகளில் பார்த்திருக்கிறேன், சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அழுத்தி அந்த வாயுவை மீட்டரின் மேல் விடுவார்கள். மீட்டர் அலறும். 'பார், நல்லா வேலை செய்யுது.' லைட்டரில் இருப்பது பியூட்டேன். அது மீத்தேனைவிடச் சுலபமாக எரியும். சிலிக்கோன் பட்ட சென்சார் முதலில் இழப்பது மீத்தேனை உணரும் திறனைத்தான், பியூட்டேனுக்கு அப்போதும் பதில் சொல்லும். ஆக, லைட்டருக்கு அலறுகிற மீட்டர் மீத்தேனுக்குச் செவிடாக இருக்கலாம். போதாக்குறைக்கு அவ்வளவு அடர்த்தியான வாயு நல்ல சென்சாரையும் கெடுக்கும். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் லைட்டர் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் சைபரை நாமே பொய்யாக்குகிற வழி ஒன்று உண்டு. சில மீட்டர்கள் ஆன் ஆகும்போது சுற்றியுள்ள காற்றைச் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு அதையே சைபராக வைத்துக்கொள்ளும், அல்லது 'சைபர் ஆக்கவா?' என்று கேட்கும். ஒருநாள் கீழே கோஃப் விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். கோஃப் என்றால் கரியை எடுத்து முடித்து, கூரையை விழவிட்டுவிட்ட பகுதி. மீத்தேன் தேங்குகிற இடம். வெளியே காற்றழுத்தம் இறங்குகிற நாளில், மழைக்கு முன்னால், அங்கிருந்து வாயு தானாகவே வெளியே வரும். என்னோடு வந்த பையனின் மீட்டர் ஏதோ ஹேங் ஆகிப்போய், அவன் அங்கேயே அணைத்து ஆன் செய்தான், கேட்ட கேள்விக்கு 'ஆம்' அழுத்தினான். என் மீட்டரில் 0.6, அவனுடையதில் 0.0. இருவரும் தோளோடு தோள் நிற்கிறோம். அவன் மீட்டரைப் பொறுத்தவரை இனிமேல் எல்லாம் 0.6 குறைவாகத்தான் தெரியும். 1.25-ல் வெளியேற வேண்டியவன் 1.85 வரை வேலை பார்ப்பான். மேலே, திறந்த வெளியில் ஆன் செய்ய வேண்டும், கீழே போனபிறகு அணைக்கவே கூடாது. அணைந்துவிட்டால் அந்த ஷிப்டுக்கு அந்த மீட்டர் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஆளும் மேலே வந்துவிட வேண்டும்.

லேம்ப் ரூமும் சுத்தக் காற்று இல்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு சுரங்கத்தில் காலையில் மீட்டர்களை ஆன் செய்தால் கார்பன் மோனாக்சைடு 15, 20 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் அத்தனை பங்கு) என்று காட்டும், வெளியே கொண்டுவந்தால் சைபர். சென்சார் கெட்டுவிட்டது என்று இரண்டை மாற்றினேன், புதியதும் அதையே காட்டியது. பக்கத்து அறையில் இன்ஜின் பேட்டரிகளுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்கள். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், கார்பன் மோனாக்சைடு சென்சாருக்கு ஹைட்ரஜனும் ஓரளவு அதே போலத்தான் தெரியும். மீட்டர் கெட்டுப்போகவில்லை, அந்த அறையில் காற்றோட்டம் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கெடுதல் என்னவென்றால், அந்த அறையில் வைத்து யாராவது சைபர் ஆக்கியிருந்தால் கீழே கரி தன்னால் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்போது வரும் முதல் 20 பிபிஎம் தெரியாமலே போயிருக்கும். ஜரியாவில் 1916-லிருந்து பூமிக்கடியில் எரிந்துகொண்டிருக்கிறது, அங்கே அந்த 20 பிபிஎம் சாதாரண விஷயம் இல்லை.

இன்னொரு சிக்கல், கேட்டலிடிக் சென்சாருக்கு எரிக்க ஆக்சிஜன் வேண்டும் என்பது. மூடிவைத்த பகுதிகளுக்குச் சுவர் கட்டி, அதில் ஒரு குழாய் விட்டிருப்பார்கள், உள்ளே என்ன வாயு இருக்கிறது என்று அதன் வழியே பார்க்க. அந்தக் குழாயில் புது ஆள் ஒருவர் மீட்டரை வைத்தார். எண் சர்ரென்று 4-ஐத் தாண்டி ஏறியது, பிறகு அதே வேகத்தில் இறங்கி 0.4-ல் நின்றது. அவர் 0.4 என்று எழுதிவிட்டார். உண்மையில் உள்ளே மீத்தேன் அவ்வளவு அதிகம், எரிக்கப் போதுமான ஆக்சிஜனே இல்லை. ஏறி இறங்கிய எண்ணை ஒருபோதும் இறங்கிய இடத்தில் படிக்கக் கூடாது. இப்போது வரும் நல்ல மீட்டர்கள் உச்சம் தாண்டியதும் பூட்டிக்கொண்டு கத்தும், ஆனால் பழையவை இன்னும் புழக்கத்தில் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கு அகச்சிவப்புக் கதிர் சென்சார்தான் சரி. அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை, சிலிக்கோனும் ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்கு ஹைட்ரஜன் கண்ணுக்கே தெரியாது. எல்லாவற்றையும் பார்க்கிற சென்சார் என்று ஒன்றை எனக்கு இதுவரை யாரும் விற்கவில்லை.

இதே ஆக்சிஜன் விஷயத்தில் எங்கள் நிறுவனமே ஒருமுறை கோட்டைவிட்டது. விலை குறைவு என்று மீத்தேனை வெறும் நைட்ரஜனில் கலந்த சிலிண்டர்கள் வாங்கினார்கள். அதை வைத்துப் பார்த்தால் எல்லா மீட்டரும் குறைவாகக் காட்டின. நான் முட்டாள்தனமாக ஆறு மீட்டர்களை ஏற்றித் திருத்திவிட்டு, ஏழாவதில்தான் லேபிளைப் படித்தேன். மீத்தேன் காற்றில் கலந்ததா, நைட்ரஜனில் கலந்ததா, காலாவதித் தேதி என்ன, இவற்றை இப்போது சிலிண்டரைக் கையில் எடுத்ததும் வாய்விட்டுப் படிப்பேன். மனைவி கேலி செய்வார், மளிகைக் கடையிலும் அப்படித்தான் படிக்கிறேன் என்று.

மீட்டர் சரியாக இருந்தும் தப்பாகப் பார்ப்பவர்கள் பலர். மீத்தேன் காற்றைவிட இலேசு, கிட்டத்தட்ட பாதி எடை, கூரையை ஒட்டி நிற்கும். கார்பன் டைஆக்சைடு ஒன்றரை மடங்கு கனம், தரையில் படுக்கும். இடுப்பில் மாட்டிய மீட்டர் இடுப்பு உயரத்துச் செய்தியை மட்டும்தான் சொல்லும். சர்தார் மீட்டரைக் கோலில் கட்டி, கூரையில் கல் விழுந்து குழியாகிப்போன இடங்களுக்குள் மெல்ல ஏற்றி, அங்கேயே பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணுவார். அவர் எண்ணுவது காரணத்தோடுதான். நல்ல மீட்டரே இறுதி எண்ணுக்கு வர 15, 20 நொடி எடுக்கும். முகப்பில் இருக்கும் நுண்துளை வடிகட்டியில் கரித்தூளும் தண்ணீரும் சேர்ந்து அப்பிவிட்டால் இன்னும் நேரமாகும். அதனால் கேஸ் காட்டும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் கடிகாரத்தையும் பார்த்தேன். 2.4-க்கு வந்துவிட்டது, ஆனால் 50 நொடி ஆனது என்றால் அந்த வடிகட்டியை மாற்றாமல் விடமாட்டேன்.

அந்த சர்தார் கடைசி வரை சுடர் விளக்கையும் கொண்டுபோனார். 1815-ல் ஹம்ப்ரி டேவி செய்தாரே, கம்பிவலைக்குள் எரிகிற சுடர், அதன் வாரிசு. திரியைத் தணித்து வைத்தால் மீத்தேன் இருக்கும் இடத்தில் சுடருக்கு மேல் நீலத்தில் ஒரு சின்னத் தொப்பி தெரியும், தொப்பியின் உயரத்தைப் பார்த்துச் சதவீதம் சொல்வார்கள். ஆக்சிஜன் 16, 17-க்கு இறங்கினால் அணைந்துவிடும். என் கண்ணுக்கு அந்தத் தொப்பி தெரியவே மூன்று மாதம் ஆனது. நான் டிஜிட்டல் காலத்து ஆள், அதைப் பழைய சரக்கு என்று நினைத்தேன். அவர் சொன்னார், "இது செத்தா இருட்டாயிடும். உன் மீட்டர் செத்தா சைபர்." அதற்குப் பிறகு நான் அதைக் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அதற்காக விளக்கே போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தாத்தா கிணற்றில் தூர்வார இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார், அணையாவிட்டால் இறங்குவார். அது ஆக்சிஜன் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்கிற அளவில் இருந்தாலும் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் இருக்கும் கழிவுத் தொட்டியில் அந்த விளக்கே வெடியாகிவிடும்.

பெரிய சுரங்கங்களில் சுவரில் மாட்டி, கம்பி வழியே மேலே கட்டுப்பாட்டு அறைக்கு எண் அனுப்பும் சென்சார்கள் உண்டு. அவற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நீளும். ஒன்று மட்டும். நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19-ல் வெடித்து 29 பேர் போனார்கள். காற்றை வெளியேற்றும் செங்குத்துக் குழியின் அடியில் இருந்த மீத்தேன் சென்சார் வெடிப்புக்கு வாரக்கணக்கில் முன்பே பழுதாகிச் சரிசெய்யாமல் கிடந்தது என்று விசாரணை ஆணையம் எழுதியது. இதைப் படித்த அன்று நான் என் பகுதியில் இருந்த சுவர் சென்சார்கள் எல்லாவற்றையும் போய்ப் பார்த்தேன். ஒன்றின் மேல் யாரோ தண்ணீர் படாமல் இருக்க பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் அது அழகாக 0.0 காட்டிக்கொண்டிருந்தது.

மச்சான் கதைக்கு வருகிறேன். அவர் மீட்டரை விளிம்பில் வைத்திருந்தார், ஹைட்ரஜன் சல்பைடு கனமான வாயு, கீழேதான் இருக்கும். முகர்ந்து பார்த்தால் தெரியாதா என்றார். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும், 100 பிபிஎம் வாக்கில் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் நிம்மதியாக இறங்குவார் என்றேன். நாலு வாயுவும் கலந்த சிலிண்டர், ரெகுலேட்டர், மூடி, உறிஞ்சு குழாய் வாங்குங்கள், சிலிண்டரில் ஹைட்ரஜன் சல்பைடு சீக்கிரம் காலாவதியாகும், தேதியைப் பாருங்கள், ஒவ்வொரு தடவை மூடி திறப்பதற்கு முன்னாலும் கேஸ் காட்டுங்கள், குழாயை மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் நிறுத்துங்கள், குழாய் நீளத்துக்குத் தகுந்தபடி கூடுதலாகக் காத்திருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஆளை இறக்காமல் இயந்திரத்தால் முடியுமா என்று முதலில் பாருங்கள் என்றும் சொன்னேன். சிலிண்டர் விலையைக் கேட்டதும் "மீட்டர் விலையில பாதி வருது மாப்ள" என்று போனை வைத்துவிட்டார். கோபமோ என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து மறுபடி ஒரு போட்டோ. அதே மஞ்சள் மீட்டர், வாயில் மூடி, பக்கத்தில் சிலிண்டர். மீத்தேன் 2.4, கார்பன் மோனாக்சைடு 98, ஆக்சிஜன் 18.1. ஹைட்ரஜன் சல்பைடு கட்டத்தில் மட்டும் 0. கீழே எழுதியிருந்தார்: "புதுசு மாப்ள இது. கடைக்காரன்கிட்ட என்ன சொல்லித் திருப்பி அனுப்பட்டும்?"